இஞ்சி ரொட்டி மாளிகை

விழா இல்லாத நாடு இல்லை; விழாவிற்கென ஒரு பலகாரம் இல்லாத வீடும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கலும் தீபாவளிக்கு அதிரசமும் எப்படியோ, அப்படியே மேலை நாட்டாரின் கிறிஸ்துமஸ் திருநாளுக்கு உரிய பலகாரங்களுள் ஒன்று இஞ்சி ரொட்டி. ஆங்கிலத்தில் இதனை ஜிஞ்சர்பிரெட் என்பர். கோதுமை மாவில் தேனையோ வெல்லப்பாகையோ கலந்து, சுக்கு, இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய் முதலிய சரக்குகளைப் பொடித்துச் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தேய்த்து அடுப்பில் இட்டுச் சுட்டெடுப்பது இது. பெயரில் ரொட்டி என்று இருந்தாலும் சுவையாலும் உருவாலும் இது பலகாரமே ஆகும்.

இப்பலகாரத்தின் பெயரில் ஒரு வியப்பு அடங்கியுள்ளது. ஜிஞ்சர் என்னும் ஆங்கிலச் சொல்லின் வழியைத் தேடிச் சென்றால் இலத்தீன் மொழியின் சிஞ்சிபெர் என்னும் சொல்லை அடையலாம். அதற்கு முன் கிரேக்க மொழியில் சிங்கிபெரிஸ் என்பது உண்டு. அதற்கும் முன் பாலி மொழியில் சிங்கிவேரம் என்றும் வடமொழியில் சிருங்கவேரம் என்றும் வழங்கியது. இவை எல்லாவற்றிற்கும் மூலம், 'இஞ்சிவேர்' என்னும் பழைய தென்னாட்டுச் சொல்லே என்று மொழிநூல் அறிஞர் பலர் கருதுகின்றனர். தென்னாட்டு மண்ணில் விளைந்த கிழங்கு கடல் கடந்தபோது அதன் பெயரும் உடன் கடந்தது போலும்! வணிகர் கைமாறக் கைமாறச் சொல்லின் வடிவம் மாறியது. ஆயினும் வேர் முற்றும் மறையவில்லை.

ஐரோப்பாவில் இப்பலகாரத்திற்குப் பெயர்பெற்ற நகரங்கள் சில உண்டு. அவற்றுள் முதலில் எண்ணத்தக்கது செருமனி நாட்டு நூரம்பர்க். அந்நகரில் தேன் ரொட்டி சுடுவோர் இருந்தமைக்கு 1395ஆம் ஆண்டிலேயே எழுத்துச் சான்று காணப்படுகிறது. நகரைச் சுற்றி இருந்த காடுகளில் தேன் மிகுதியாகக் கிடைத்தது. கீழை நாட்டுச் சரக்குகளை ஏற்றி வந்த வணிகர் வழிகளும் அந்நகரில் வந்து கூடின. காட்டுத் தேனும் கடல் கடந்த சரக்கும் ஓரிடத்தில் சந்தித்தமையால் அங்கே இத்தொழில் வேரூன்றிற்று. போலந்து நாட்டுத் தோருன் நகரமும் இத்தகைய பெருமை உடையது.

இஞ்சி ரொட்டியால் வீடு செய்யும் வழக்கம் செருமனி நாட்டிலேயே தழைத்தது. கிரிம் உடன்பிறந்தார் இருவர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1812ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தொகுப்பில் ஹான்சல், கிரெட்டல் என்னும் இரு குழந்தைகளின் கதை உண்டு. வறுமையால் காட்டில் விடப்பட்ட அக்குழந்தைகள் பசியால் வாடித் திரியும்போது, ரொட்டியால் ஆன வீடு ஒன்றைக் கண்டு அதனைப் பிய்த்துத் தின்னத் தொடங்குவர். உள்ளே இருப்பவள் சூனியக்காரி என்பதனைப் பின்னரே அறிவர். இக்கதை பரவப் பரவ, இஞ்சி ரொட்டி வீடும் வீடுதோறும் பரவிற்று. செருமனி நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியோர் இவ்வழக்கத்தையும் தம்முடன் கொண்டு சென்றனர். பசித்த குழந்தைகளின் கனவே இஞ்சி ரொட்டி வீடு என்பது மறக்கத்தக்கது அன்று.

அமெரிக்க நாட்டின் தென்கோடியில் உள்ளது புளோரிடா மாநிலம். அங்கே ஆர்லாண்டோ நகருக்கு அண்மையில், 1971ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று, வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பெற்றது. பூங்காவைக் காண வருவோர் தங்குதற்கென விடுதிகள் பல அதனைச் சூழ அமைந்தன. அவற்றுள் 1988ஆம் ஆண்டில் தோன்றிய கிராண்ட் புளோரிடியன் என்பது செல்வச் செழிப்பு மிக்கது. ஏரிக்கரையில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக அது விளங்குகிறது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்துக் கட்டடக் கலையைத் தழுவி எழுந்தது அவ்விடுதி. அதன் முகப்புக் கூடம் ஐந்து மாடி உயரம் உடையது. அக்கூடத்தில் 1999ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் கிறிஸ்துமஸ் காலத்தில் இஞ்சி ரொட்டியால் ஆன மாளிகை ஒன்று எழுப்பப்பட்டு வந்தது. மேசைமேல் வைத்துப் பார்க்கும் பொம்மை வீடு அன்று அது. ஆளின் உயரத்திற்கு மேலும் உயர்ந்து நிற்கும் மெய்யான மாளிகை.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள் முதியவர் ஒருவர் தம் பேத்தியுடன் அம்மாளிகையைக் காண வந்தார். அவர் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தவர், செருமானியக் குடிவழியினர், நாற்பது ஆண்டுகள் ரொட்டி சுடும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குப் பத்து வயது. பூங்காவினின்று புறப்படும் ஒற்றைத் தண்டவாள வண்டியில் அவர்கள் ஏறி வந்தனர். தரைக்கு மேலே உயரத்தில் ஓடும் அவ்வண்டியின் சன்னல் வழியே ஏரியும் படகுகளும் தெரிந்தன. டிசம்பர்த் திங்களாயினும் புளோரிடாவில் பனி இல்லை. வெயில் இளஞ்சூடாகக் காய்ந்தது.

அவர்கள் அங்கு வருவது அது முதன்முறை அன்று. 2019ஆம் ஆண்டில் பாட்டியும் உடன் வந்திருந்தார். மறு ஆண்டு உலகெங்கும் கொள்ளைநோய் பரவியது. அவ்வாண்டு மாளிகை எழுப்பப்படவில்லை. அதற்கடுத்த ஆண்டு மாளிகை மீண்டும் எழுந்தபோது, அதனைக் காணப் பாட்டி இல்லை. முதியவரும் இரண்டு ஆண்டுகள் அவ்விடத்தை நினைக்கவே அஞ்சியிருந்தார். பேத்தி வற்புறுத்தியமையால் இம்முறை புறப்பட்டு வந்தார்.

கூடத்தில் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னே மூக்கிற்கே விருந்து கிடைத்தது. தேனும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் கலந்த மணம் கூடம் முழுதும் கமழ்ந்தது. மணம் வந்த வழியே நடந்தனர், மாளிகை தோன்றியது. உள்ளே மரத்தால் சட்டம் அமைத்து, அதன்மேல் இஞ்சி ரொட்டிப் பலகைகளை அடுக்கி ஒட்டியிருந்தனர். வீட்டிற்கு ஓடு வேய்வதுபோல் கூரையில் ரொட்டி ஓடுகள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. சன்னல் ஓரங்களிலும் வாயில் வளைவிலும் வெண்ணிறச் சர்க்கரைப் பூவேலை மிளிர்ந்தது. வெளியே பெய்யாத பனி அம்மாளிகையின் கூரைமேல் சர்க்கரையாய்ப் பெய்திருந்தது.

முதியவர் தொழில் அறிந்தவர் ஆதலின் ஒவ்வொன்றையும் கூர்ந்து நோக்கிப் பேத்திக்கு விளக்கினார்.

"குழந்தாய்! தின்பதற்குச் சுடும் இஞ்சி ரொட்டி வேறு; வீடு கட்டச் சுடுவது வேறு. தேனுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்பு உண்டு. அதனால் தின்னும் ரொட்டி பல நாள் மென்மை குன்றாது இருக்கும். ஆனால் மென்மையான சுவர் நில்லாது அன்றோ? ஆகவே வீட்டிற்கு உரிய மாவை இறுக்கமாகப் பிசைந்து, ஒரே கனமாகத் தேய்த்து, ஈரம் போகும்வரை சுடவேண்டும்."

"ஒட்டுவதற்குப் பசை எது, தாத்தா?"

"முட்டையின் வெண்கருவையும் பொடித்த சர்க்கரையையும் சேர்த்து அடித்தால் வெண்மையான குழம்பு கிடைக்கும். ஈரமாய் இருக்கும்போது அது வெண்ணெய்போல் வழுக்கும். உலர்ந்தபின் சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகிவிடும். இவ்வூரின் காற்றில் ஈரம் மிகுதி. மாளிகையை வெளியில் வைத்தால் சில நாளில் சுவர் தளர்ந்து சாயும். குளிர்காற்று வசதி உள்ள கூடத்திற்குள் இருப்பதால் வாரக் கணக்கில் நிற்கிறது."

மாளிகைக்கு அருகே பலகை ஒன்று இருந்தது. அதனைக் கட்டப் பயன்பட்ட பண்டங்களின் கணக்கு அதில் எழுதப்பெற்றிருந்தது. தேன் 1,050 இராத்தல். மாவு 800 இராத்தல். சாக்லேட் 700 இராத்தல். பொடித்த சர்க்கரை 600 இராத்தல். சரக்குப் பொடிகள் 35 இராத்தல். முட்டை வெண்கரு 140 பைண்ட். கிலோக் கணக்கில் கூறினால் தேன் மட்டும் ஏறத்தாழ 476 கிலோ. மாவு ஏறத்தாழ 363 கிலோ.

சிறுமி அக்கணக்கை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பின்பு மாளிகையைப் பார்த்தாள். கையை நீட்டிச் சுவரைத் தொடப் போனவள், தொடாமலே கையை மடக்கிக்கொண்டாள்.

"தாத்தா! இதை எப்போது உடைத்துத் தின்பார்கள்?"

"தின்னமாட்டார்கள், கண்ணே! இது காட்சிக்கு வைத்தது. பல நாள் பலர் முன்னே நின்ற பண்டம் உண்ணத் தகுதி உடையது அன்று. தின்ன வேண்டுமானால் அதோ, அந்தக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்."

சிறுமியின் முகம் வாடிற்று. "ரொட்டித் துண்டு ஒன்று கீழே விழுந்தாலும் பாட்டி எடுத்துத் துடைத்து வைப்பார்களே! தட்டில் மிச்சம் வைத்தால் வருந்துவார்களே! இவ்வளவு மாவையும் தேனையும் வீணாக்கிச் செய்ததைப் பார்க்கப் பாட்டி ஏன் வந்தார்கள்? பார்த்து ஏன் மகிழ்ந்தார்கள்?" என்று கேட்டாள்.

முதியவர் மறுமொழி கூறவில்லை. வினா மிகவும் எளியது. விடைதான் அவரிடம் இல்லை. அவர் மனைவியார் வறிய உழவர் குடும்பத்தில் பல குழந்தைகளுள் ஒருவராய்ப் பிறந்தவர். பசி இன்னதென்று அறிந்தவர். அவரும் ஆண்டுதோறும் வீட்டில் சிறிய இஞ்சி ரொட்டி வீடு ஒன்று செய்வார். கிறிஸ்துமஸ் காலம் முழுதும் அது மேசைமேல் இருக்கும். சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, குழந்தைகள் சூழ்ந்து நிற்க மரச் சுத்தியால் அதனைத் தட்டி உடைத்து, ஒவ்வொருவர்க்கும் பங்கிட்டுக் கொடுப்பார். கூரையும் சுவரும் குழந்தைகளின் வயிற்றுக்குள் போகும். எஞ்சிய தூளையும் அவர் குப்பையில் கொட்டியது இல்லை. தோட்டத்துக் கல்மேடையில் பறவைகளுக்கு இடுவார். அத்தகையவர் இம்மாளிகையைக் கண்டு ஏன் மகிழ்ந்தார்? நாற்பது ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்தும் அவரிடம் இதனைக் கேளாது போனோமே என்று முதியவர் உள்ளம் வருந்தியது.

அவர் பேச்சை மாற்றிப் பேத்தியை மற்றொரு விடுதிக்கு அழைத்துச் சென்றார். பீச் கிளப் என்னும் அவ்விடுதியின் கூடத்தில் இஞ்சி ரொட்டியும் சாக்லேட்டும் கொண்டு அமைத்த குதிரை இராட்டினம் ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. குதிரைகளின் பிடரி மயிரும் சேணமும் சர்க்கரையால் ஆனவை. பிள்ளைகள் பலர் அதனைச் சூழ்ந்து நின்று கூவி மகிழ்ந்தனர். கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலாந்துப் பூங்காவிலும் பேய் மாளிகை ஒன்றன் விருந்துக் கூடத்தில் 2001ஆம் ஆண்டு முதல் இஞ்சி ரொட்டி வீடு ஒன்று வைக்கும் வழக்கம் உண்டென்றும், ஆண்டுக்கு ஆண்டு அதன் வடிவம் மாறும் என்றும் முதியவர் கூறினார். சிறுமி கேட்டுக்கொண்டாள், ஆயினும் அவள் உள்ளம் அங்கே இல்லை. குதிரைகளைக் கண்டபோதும், "இவையும் குப்பைக்குத்தானே போகும்?" என்றே கேட்டாள்.

மாலையில் இருவரும் மீண்டும் மாளிகைக்கு வந்தனர். கூட்டம் குறைந்திருந்தது. அடுக்களைப் பணியாளர் ஒருவர், கூரையில் தளர்ந்திருந்த ஓடு ஒன்றைச் சர்க்கரைக் குழம்பிட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை முடியும்வரை காத்திருந்த சிறுமி, தயங்கித் தயங்கி அவரை அணுகித் தன் வினாவை எழுப்பினாள்: "ஐயா! விழா முடிந்தபின் இவ்வீட்டை என்ன செய்வீர்கள்?"

அவர் குனிந்து, "நல்ல கேள்வி கேட்டாய், குழந்தாய்! எங்களிடம் பலரும் கேட்பது, இதை எத்தனை நாளில் கட்டினீர்கள் என்பதே. இது எங்கே போகும் என்று கேட்போர் சிலரே" என்று கூறி விளக்கலானார்.

விழாக் காலம் கழிந்ததும் மாளிகையைப் பிரித்தெடுப்பர். தேனும் சர்க்கரையும் ஒட்டிய பகுதிகளைப் பூங்காவிற்கு உரிய மரப்பண்ணைக்குக் கொண்டு சென்று திறந்த வெளியில் வைப்பர். மணத்தை அறிந்து தேனீக்கள் வரும். முதலில் ஒன்றிரண்டாய் வரும். பின்னர்க் கூட்டங் கூட்டமாய் வரும். குளிர்காலத்தில் பூக்கள் அருகியிருக்கும். தேனீக்களுக்கு உணவு கிடைப்பது அரிது. அக்காலத்தில் மாளிகையின் இனிப்பு அவற்றிற்கு உணவாகும். அவை சர்க்கரையை உறிஞ்சி எடுத்தபின் எஞ்சும் மரச் சட்டங்களைக் கழுவித் துடைத்து மறு ஆண்டுக்கெனப் பாதுகாத்து வைப்பர். இவ்வழக்கம் பல ஆண்டுகள் நடந்து வந்தது என்று அவர் உரைத்தார்.

"அப்படியானால், தேனீக்கள் கொடுத்த தேன் தேனீக்களுக்கே திரும்பிப் போகிறதா?" என்று சிறுமி வியந்தாள்.

"ஆம், எல்லாம் அன்று, ஒரு பங்கு" என்றார் பணியாளர். அவர் மிகைப்படுத்திக் கூறாதது முதியவருக்குப் பிடித்திருந்தது.

இருவரும் கூடத்தின் ஓரத்தில் இருந்த சாய்விருக்கையில் அமர்ந்தனர். முதியவர் சட்டைப் பையிலிருந்து தாளும் எழுதுகோலும் எடுத்தார். "குழந்தாய்! வேலைக்காரத் தேனீ ஒன்று தன் வாழ்நாளெல்லாம் பறந்து பறந்து சேர்க்கும் தேன் எவ்வளவு தெரியுமா? ஒரு தேக்கரண்டித் தேனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு தேக்கரண்டித் தேன் ஏறத்தாழ 7 கிராம். அப்படியானால் இம்மாளிகைக்கு வேண்டிய 476 கிலோத் தேனைச் சேர்க்க எத்தனை தேனீக்கள் உழைத்திருக்கவேண்டும்? நீயே கணக்கிட்டுப் பார்" என்றார்.

சிறுமி நெடுநேரம் கூட்டியும் வகுத்தும் பார்த்தாள். விடை எட்டு இலட்சத்தைத் தாண்டிற்று. எட்டு இலட்சம் உயிர்களின் வாழ்நாள் உழைப்பு! அதுவரை அவள் கண்ணுக்குச் சுவராகவும் கூரையாகவும் தோன்றியது, இப்போது சிறகுகளின் உழைப்பாகத் தோன்றிற்று. கோதுமை விளைத்த உழவர், இஞ்சி தோண்டிய கையினர், மாவு பிசைந்தோர், இரவும் பகலும் சுட்டு அடுக்கியோர் என அம்மாளிகையின் பின்னே நின்ற எண்ணற்றோரையும் முதியவர் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னார்.

"அப்படியானால் இது வீண் இல்லையா, தாத்தா?" என்று அவள் மீண்டும் கேட்டாள்.

முதியவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து மெல்லச் சொன்னார்: "வீண் என்றும் சொல்லமாட்டேன், வீண் இல்லை என்றும் சொல்லமாட்டேன். சர்க்கரை தேனீக்குப் போகும். மாவும் முட்டையும் அப்படிப் போகமாட்டா. பசித்தவர் ஒருவர் இதன் முன்னே வந்து நின்றால் இதைக் கட்டினவர்க்கும் பார்க்க வந்த நமக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் உன் பாட்டி இதைப் பார்த்து ஏன் மகிழ்ந்தாள் என்பது இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிறு வயதில் அவள் பசித்துக் கிடந்தவள். ரொட்டியால் ஆன வீட்டைக் கனவில்தான் கண்டிருப்பாள். அந்தக் கனவு கண்முன்னே நின்றபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்தது. ஆனாலும் வீட்டிற்குப் போனதும் தன் சிறிய வீட்டை உடைத்துப் பங்கிட்டுத் தரத் தவறவில்லை. கண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். வயிற்றுக்கு ஒரு வீடு வேண்டும். கண்ணுக்கு உரியதைக் கண்டு வயிற்றுக்கு உரியதை மறக்கக்கூடாது. அவள் மறக்கவில்லை."

சிறுமி ஒன்றும் பேசவில்லை. தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டு மாளிகையை மற்றொரு முறை நோக்கினாள். கூரையின் ஓர் ஓரத்தில், சற்று முன் ஒட்டிய ஓட்டின் சர்க்கரைக் குழம்பு இன்னும் உலராமல் மின்னியது.

"தாத்தா! பாட்டி செய்த வீட்டின் அச்சுகள் நம் வீட்டில் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன. அலமாரியின் மேல்தட்டில் பெட்டிக்குள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை."

"இந்த ஆண்டு எடுப்போமா?"

முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் பிறருக்கெல்லாம் ரொட்டி சுட்டவர் அவர். மனைவியார் மறைந்தபின் தம் வீட்டு அடுப்பில் விழாப் பலகாரம் சுடவில்லை. பேத்தியின் சொல் அவ்வடுப்பை மூட்டிற்று. "எடுப்போம்" என்று அவர் கூறினார்.

ஊர் திரும்பியதும் இருவரும் அச்சுகளை எடுத்துக் கழுவினர். தாத்தா தேனை அளந்து ஊற்றும்போது, கரண்டியில் ஒட்டியிருந்த துளியையும் சிறுமி விரலால் வழித்து மாவில் சேர்த்தாள். அத்துளி எத்தனை தேனீக்களின் உழைப்பு என்பதனை அவள் அறிந்திருந்தாள் அன்றோ? முதற்சுவர் அடுப்பில் கருகிப்போயிற்று. இரண்டாவது நன்றாக வந்தது. கூரை சற்றே கோணலாயிற்று. அதனை மறைக்கச் சர்க்கரைப் பனி கொஞ்சம் மிகுதியாகவே பெய்தது. 2024ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாளன்று, அண்டை வீட்டுக் குழந்தைகள் சூழ்ந்து நிற்கச் சிறுமியே மரச் சுத்தியால் அவ்வீட்டைத் தட்டினாள். அனைவர்க்கும் பங்கு கிடைத்தது. எஞ்சிய தூளைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் தோட்டத்திற்குச் சென்றாள். வெளியே பனி படர்ந்திருந்தது. கல்மேடையின் மேல் இருந்த பனியைத் துடைத்துவிட்டுத் தூளைத் தூவினாள். பின்பு சன்னலருகே வந்து தாத்தாவுடன் நின்று பார்த்தாள். சற்று நேரத்தில் சிட்டு ஒன்று வந்து அமர்ந்தது.

உணவைக் கொண்டு அழகு செய்வது மனிதருக்கு இயல்பு. அரிசி மாவால் வாயிலில் கோலம் இடும் கையும் இஞ்சி ரொட்டியால் மாளிகை எழுப்பும் கையும் ஓரினத்தனவே. கோலத்து மாவை எறும்பு உண்பதும் மாளிகையின் தேனைத் தேனீ உண்பதும் காண்பார்க்கு இன்பம் தருவன. அழகு முடிந்தபின் அது யாருக்கு உணவாகும் என்று கேட்கும் உள்ளம் இருக்கும்வரை அழகும் அறமும் பிரிந்து நிற்க வேண்டுவதில்லை. அவ்வினாவைக் கேட்கப் பெரிய கல்வி வேண்டியதில்லை. ஒரு துண்டு ரொட்டியின் அருமை அறிந்த வீட்டில் வளர்ந்திருந்தால் போதும்.